பெயர் ஒன்று, முகவரி பல: பிபிஎஃப் நிரலில் சிபியுவுக்கொரு குளோபல் மாறி

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நெட்வொர்க் பாக்கெட்டுகளை எண்ணும் பிபிஎஃப் நிரல் ஒன்று, அதாவது லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே ஏற்றி ஓடவிடும் சிறு நிரல். சாதாரண குளோபல் மாறியை ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒன்று கூட்டிக்கொண்டே போனால், பல சிபியு உள்ள கணினியில் கணக்கு குறைகிறது. சிபியுவுக்கொரு நகல் வைத்திருக்கும் மேப்புக்கு (நிரலும் பயனர்ப் பக்கமும் பகிர்ந்துகொள்ளும் தரவுக் கிடங்கு) மாறினால் கணக்கு சரியாகிவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் மேப்பில் தேடு, கிடைத்த சுட்டி வெற்றா என்று பார், பிறகுதான் தொடு என்று நிரல் பார்க்கச் சகிக்கவில்லை. மாறியின் மேல் ஒரு குறி போட்டு "இது சிபியுவுக்கு ஒன்று" என்று ஏன் சொல்ல முடியவில்லை? லிப்பிபிஎஃப் போன்ற ஏற்றி நூலகத்தில் அதைச் சேர்ப்பது அவ்வளவு கடினமா?

நூலகத்தில் எழுத வேண்டியது அதிகம் இல்லை. ஆனால் குளோபல் மாறி என்பதே ஒரு வாக்குறுதி: பெயர் ஒன்று, முகவரி ஒன்று. கம்பைலர், நூலகம், நிரல் பாதுகாப்பானதா என்று ஏற்றும்போது சோதிக்கும் வெரிஃபையர், அதைச் சிபியுவின் சொந்தக் கட்டளைகளாக மாற்றும் ஜிட், கெர்னலுக்கு வெளியே ஓடும் பயனர்ப் பக்கத்து நிரல் என்று எல்லோரும் அதை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். சிபியுவுக்கு ஒன்று என்றதும் வாக்குறுதி உடைகிறது. உடைந்ததை யார், எந்த இடத்தில் ஒட்டவைப்பது என்பதுதான் உண்மையான கேள்வி.

முதலில் சாதாரண குளோபல் மாறி எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். 2019இல் வந்த லினக்ஸ் 5.2 வரை பிபிஎஃப்பில் குளோபல் மாறியே கிடையாது. கெர்னல் நிரலாளர் டேனியல் போர்க்மன் அதைக் கொண்டுவந்த விதம் எனக்கு இன்றைக்கும் அழகாகத் தோன்றுகிறது. மாறிகள் இருக்கும் ஒவ்வொரு பிரிவும், அதாவது தரவுப் பிரிவு, பூஜ்ஜியப் பிரிவு, படிக்க மட்டுமான பிரிவு ஆகிய ஒவ்வொன்றும், ஒரே ஓர் உறுப்பு கொண்ட அரே மேப்பாக மாறுகிறது. பிரிவின் மொத்த அளவுதான் அந்த உறுப்பின் அளவு.

மாறியைத் தொடும் இடத்தில் கிளாங் கம்பைலர் 64 பிட் எண்ணை ரெஜிஸ்டரில் ஏற்றும் கட்டளையைப் போட்டு, எண் இருக்க வேண்டிய இடத்தை நிரப்பாமல் விட்டு, "இங்கே இந்தப் பிரிவின் முகவரி வரவேண்டும்" என்று ரீலொகேஷன் குறிப்பு எழுதிவைக்கிறது. அந்தக் கட்டளை 16 பைட். எட்டு எட்டாக இரண்டு துண்டு. ஒவ்வொரு துண்டிலும் 32 பிட் எண்ணுக்கு இடம் உண்டு. நூலகம் மேப்பை உருவாக்கியபின் முதல் துண்டில் மேப்பின் கோப்பு எண்ணையும் (ஃபைல் டிஸ்கிரிப்டர்), இரண்டாவது துண்டில் பிரிவுக்குள் மாறி எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்பதையும் எழுதுகிறது. "இது மேப்பின் மதிப்பைச் சுட்டுகிறது" என்று ஒரு குறியும் இடுகிறது. கெர்னலுக்குள் போனதும் வெரிஃபையர் மேப்பிடம் முகவரியைக் கேட்டு வாங்கி, மேல் 32 பிட், கீழ் 32 பிட் என்று பிரித்து அதே இரண்டு இடங்களில் எழுதிவிடுகிறது. தேடல் இல்லை, வெற்றுச் சுட்டிச் சோதனையும் இல்லை.

இதையே சிபியுவுக்கொரு மாறிக்கு நீட்டுவோம். கம்பைலருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. அதன் கண்ணுக்கு இது வேறு பெயருள்ள இன்னொரு தரவுப் பிரிவு. பிரிவின் பெயரே அடையாளம். கெர்னலின் சொந்த சிபியு மாறிகளும் இப்படித்தான் தனிப் பிரிவில் உட்கார்ந்திருக்கின்றன. நூலகம் அந்தப் பெயரைக் கண்டதும் அரே மேப்புக்குப் பதில் சிபியுவுக்கொரு அரே மேப்பை உருவாக்க வேண்டும். அந்த மேப் வகை 2016இல் வந்த லினக்ஸ் 4.6 முதலே இருக்கிறது. ரீலொகேஷன் வேலையில் ஒரு வரிகூட மாற வேண்டாம். கோப்பு எண், பைட் இடம், குறி மூன்றும் அப்படியே.

சிக்கல் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. வெரிஃபையர் மேப்பிடம் முகவரி கேட்கிறது. எந்த முகவரியைச் சொல்வது? நிரல் ஏற்றப்படுவது ஒருமுறை, ஓடப்போவது எல்லா சிபியுவிலும். கெர்னலின் சிபியு நினைவகத்தில் ஒரு பொருளுக்குக் கிடைப்பது நேரடியாகத் தொடக்கூடிய முகவரி இல்லை. அது ஓர் அடிப்படை எண். ஓடிக்கொண்டிருக்கும் சிபியுவுக்கான நகர்வை அதோடு கூட்டினால்தான் உண்மையான முகவரி வரும். ஆகவே ஏற்றும் கட்டளையில் அந்த அடிப்படை எண்ணை எழுதிவிட்டு, அதை ஒட்டி "இந்தச் சிபியுவின் நகர்வைக் கூட்டு" என்ற இன்னொரு கட்டளையைச் செருக வேண்டும்.

அப்படி ஒரு கட்டளை லினக்ஸ் 6.10இல் வந்தது. கெர்னல் தன் உள்வேலைக்கு மட்டும் வைத்திருப்பது அது. நாம் எழுதும் நிரலில் அதைப் போட்டால் ஏற்காது. சிபியுவுக்கொரு அரே மேப்பில் நடக்கும் தேடலை, செயற்கூற்றை அழைக்காமல் அந்த இடத்திலேயே முடித்துவிடுவதற்காக அதைச் சேர்த்தார்கள். எக்ஸ்86-64இல் ஜிட் அதை, சிபியுவின் சொந்தத் தரவைச் சுட்டும் ஜிஎஸ் செக்மென்ட் வழியாக ஒற்றைக் கூட்டல் கட்டளையாக மாற்றிவிடுகிறது. ஆர்ம்64, ரிஸ்க்-வி ஜிட்களிலும் அதற்கு ஆதரவு உண்டு. ஜிட் இல்லாத இடத்தில் இந்த வழி கிடையாது. அதனால் நூலகம் முன்கூட்டியே கெர்னலைச் சோதித்து, முடியாது என்றால் புரியும்படி சொல்லிவிட வேண்டும். வெரிஃபையர் கக்கும் பத்துப் பக்கப் பதிவைப் பயனர் தலையில் கொட்டுவது பதிலாகாது.

அப்படியென்றால் கூட்டிய முகவரியைக் கம்பைலர் ஒரு ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு, நிரல் முழுக்க அதையே பயன்படுத்தினால் ஆபத்தில்லையா? நடுவில் நிரல் வேறு சிபியுவுக்கு நகர்ந்துவிட்டால் பக்கத்து வீட்டு நகலையல்லவா தொடும்? நகராது. பிபிஎஃப் நிரல் ஓடும்போது அது தொடங்கிய சிபியுவிலேயே முடியும் என்பதைக் கெர்னல் உறுதி செய்கிறது. இந்த ஏற்பாடு முழுவதும் நிற்பது அந்த உறுதியின் மேல்தான். நகரவிடாது என்றுதான் சொன்னேன்; குறுக்கிட விடாது என்று சொல்லவில்லை. அந்த வேறுபாட்டுக்குப் பிறகு வருகிறேன்.

வெரிஃபையரில் இன்னொரு பொறி இருக்கிறது. படிக்க மட்டுமான மேப் உறைந்த பிறகு, அதாவது இனி மாறாது என்று பூட்டப்பட்ட பிறகு, அதில் உள்ள எண்ணை வெரிஃபையர் தானே எட்டிப் பார்த்து, "இது எப்போதும் பூஜ்ஜியம், ஆகவே இந்தக் கிளை ஓடாது" என்று வெட்டித் தள்ளும். வடிவச் சரம் (ஃபார்மட் ஸ்ட்ரிங்) கேட்கும் உதவிச் செயற்கூறுகளுக்கும் சரத்தை அது இப்படியே படித்துப் பார்க்கிறது. சிபியு மேப்பிடமும் அதே வழியில் முகவரி வாங்கிப் படிக்கப் போனால், கையில் இருப்பது அடிப்படை எண் மட்டும். கெர்னல் அதை முகவரி என்று நம்பித் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த மேப் வகைக்கு அந்தக் குறுக்குவழிகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி அடைக்க வேண்டும். புதிய வசதியில் நான் முதலில் சந்தேகத்தோடு பார்ப்பது இப்படிப்பட்ட இடங்களைத்தான். வாக்குறுதியை நம்பி எழுதிய பழைய வரிகள் தாமாகக் கைதூக்கிச் சொல்வதில்லை.

இனி நூலகத்தின் பக்கம். தொடக்க மதிப்பு பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் அங்கேதான் நூலகம் தன் கையால் வேலை செய்ய வேண்டும். மாறிக்கு 7 என்று தொடக்க மதிப்பு எழுதியிருந்தால், எல்லா சிபியுவின் நகலும் 7இல் தொடங்க வேண்டும். ஆப்ஜெக்ட் கோப்பில் இருப்பதோ ஒரே ஒரு பிரதி. நூலகம் அதைச் சிபியு எண்ணிக்கை அளவுக்குப் படியெடுத்து, ஒரே பஃபராக அடுக்கி, மேப்பில் ஒருமுறை எழுத வேண்டும். எல்லாம் பூஜ்ஜியம் என்றால் எழுதவே தேவையில்லை. கெர்னல் பூஜ்ஜியமாகத்தான் தருகிறது.

அந்தப் படியெடுப்பில் இரண்டு எண்களைப் பிழையில்லாமல் பிடிக்க வேண்டும். முதலாவது, எத்தனை சிபியு? கெர்னல் கணக்கிடுவது இப்போது ஓடும் சிபியுக்களை இல்லை, இருக்கக்கூடியவை அத்தனையையும். மெய்நிகர் கணினியில் 4 சிபியு ஓடிக்கொண்டிருக்கும். கெர்னலோ பின்னால் சேரக்கூடும் என்று 128 வரை இடம் ஒதுக்கியிருக்கும். நான் ஒருமுறை ஓடும் சிபியுக்களை எண்ணி, ஸ்டாக்கில் நான்கு உறுப்பு கொண்ட அரே வைத்து மேப்பைப் படித்தேன். 32 பைட் இடத்தில் கெர்னல் 1024 பைட் எழுதிவிட்டுப் போனது. நிரல் விழுந்ததோ அதோடு சம்பந்தமே இல்லாத ஒரு செயற்கூறு திரும்பும் இடத்தில். என் மேசைக் கணினியில் இரண்டு எண்களும் ஒன்றாக இருந்ததால் பிழை அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இருக்கக்கூடிய சிபியு எண்ணிக்கையைத் தர லிப்பிபிஎஃப்பில் தனிச் செயற்கூறே இருக்கிறது. வேறு எதையும் நம்பாதீர்கள்.

இரண்டாவது, ஒரு நகலுக்கும் அடுத்த நகலுக்கும் இடையே எவ்வளவு தூரம்? கெர்னல் உறுப்பின் அளவை 8இன் மடங்காக உயர்த்திக்கொள்கிறது. பிரிவில் 4 பைட் மாறிகள் ஐந்து இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 20 பைட். பஃபரில் அவை 24 பைட் இடைவெளியில் வரும். 8 சிபியு என்றால் 192 பைட். 3ஆம் எண் சிபியுவின் நகல் 72ஆவது பைட்டில் தொடங்கும். பிபிஎஃப்டூல் என்ற கருவி உருவாக்கும் ஸ்கெலிட்டனில் (நிரலை ஏற்றவும் அதன் மாறிகளைத் தொடவும் உதவும் சி தலைப்புக் கோப்பு) இந்தப் பிரிவுக்கான ஸ்ட்ரக்சரைச் சி மொழியின் இயல்புப்படி விட்டால் அதன் அளவு 20தான். பஃபரை அந்த ஸ்ட்ரக்சரின் அரேயாகப் பாவித்து 3 என்று குறியிட்டால் 60ஆவது பைட்டுக்குப் போய் நிற்பீர்கள். முதல் சிபியு மட்டும் சரியாக இருக்கும். மீதி எல்லாம் நம்பும்படியான தவறுகள். சோதனைக் கணினியில் சிபியு 0 மட்டும் வேலை செய்துகொண்டிருந்தால் மாதக்கணக்கில் தெரியாது. ஸ்கெலிட்டன் எழுதும் கருவியே அந்த ஸ்ட்ரக்சரை 8 பைட் ஒழுங்குக்குக் கட்டிவிட வேண்டும். இதைப் பயனரின் விழிப்புக்கு விடுவது அநியாயம்.

ஸ்கெலிட்டன் பேச்சு வந்துவிட்டது. சாதாரண குளோபல் மாறிகளின் பெரிய வசதி, நிரல் ஏறிய பிறகும் பயனர்ப் பக்கத்திலிருந்து சாதாரண சி மாறிபோலப் படிக்கலாம், எழுதலாம் என்பது. லினக்ஸ் 5.5இல் அரே மேப்பை எம்மேப் செய்ய, அதாவது அதன் நினைவகத்தை நேரடியாகப் பயனர் நிரலுக்குள் தெரியவைக்க, கெர்னல் நிரலாளர் ஆண்ட்ரி நக்ரைகோ வழி செய்ததால் அது சாத்தியமாயிற்று. சிபியு மாறிகளுக்கு அந்த வசதி கிடைக்காது. அந்த நினைவகம் கெர்னலின் மற்ற சிபியு தரவுகளோடு ஒரே பக்கத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும். பக்கம் பக்கமாகத்தான் எம்மேப் செய்ய முடியும். செய்தால் உங்கள் எண்ணியோடு பக்கத்தில் குடியிருப்பவனின் தரவும் வெளியே தெரியும்.

ஆகவே இரண்டு நிலை. ஏற்றுவதற்கு முன், ஸ்கெலிட்டன் வழியாகத் தொடக்க மதிப்பை மாற்றலாம். அது நூலகம் வைத்திருக்கும் பிரதிதான். ஏற்றிய பின், அந்தப் பிரதிக்கும் ஓடும் நிரலுக்கும் தொடர்பு அறுந்துவிடும். அதன் பிறகும் அதில் எழுத விட்டால் என்ன ஆகும்? பயனர் மதிப்பை மாற்றுவார், எதுவும் நடக்காது, நாள் முழுக்கத் தலையைச் சொறிவார். ஏற்றிய கணமே அந்த நினைவகத்தைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட வேண்டும் என்பேன். எழுதியவன் நிரல் அங்கேயே விழட்டும். சத்தமாக விழும் பிழையை ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

அளவுக்கும் ஒரு வரம்பு உண்டு. சிபியு நினைவகம் தாராளமாகக் கிடைப்பதில்லை. சிபியுவுக்கொரு அரேயின் ஓர் உறுப்பு 32 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. இங்கே முழுப் பிரிவும் ஓர் உறுப்பு என்பதால், எல்லா மாறிகளும் சேர்ந்தே அதற்குள் அடங்க வேண்டும். 128 சிபியு என்றால் அந்த 32 கிலோபைட்டே 4 மெகாபைட் ஆகிவிடும்.

இப்போது ஒத்திவைத்த விஷயம். சிபியுவுக்கு ஒன்று என்றதும் பலர் "இனிப் பூட்டு வேண்டாம், அணுச் செயலும் (நடுவில் பிரிக்க முடியாத செயல்) வேண்டாம்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பாதி உண்மை. மற்ற சிபியுக்கள் உங்கள் நகலைத் தொடாது. அதே சிபியுவில் இன்னொரு நிரல் உங்கள்மேல் ஏறி ஓடலாம். எண்ணியில் 41 இருக்கிறது. உங்கள் நிரல் 41ஐ ரெஜிஸ்டருக்கு எடுக்கிறது. அந்த நொடியில் இன்டரப்ட் வருகிறது; அதன் பாதையில் கேப்ரோப் (கெர்னல் செயற்கூறு ஓடும்போது நிரலை இயக்கும் கொக்கி) போட்டுவைத்த இன்னொரு நிரல், அதே ஆப்ஜெக்டைச் சேர்ந்தது, அதே மாறியை 42 ஆக்கிவிட்டுப் போகிறது. திரும்பி வந்த உங்கள் நிரல் தன்னிடமுள்ள 41ஓடு ஒன்றைக் கூட்டி 42 என்று எழுதுகிறது. இரண்டு நிகழ்வு நடந்தது. ஒன்றுதான் கணக்கில் ஏறியது.

கெர்னலின் சொந்தக் கோடு எக்ஸ்86இல் இந்த வம்பில் மாட்டாது. அங்கே சிபியு மாறியைக் கூட்டுவது நினைவகத்தின் மேலேயே நடக்கும் ஒற்றைக் கட்டளை. இன்டரப்ட் அதற்கு முன்னால் வரலாம், பின்னால் வரலாம், நடுவில் வர முடியாது. பிபிஎஃப்பில் அதே ஒரு வரி எடு, கூட்டு, வை என்று மூன்று கட்டளையாகிவிடுகிறது. தொடரியல் ஒன்றுபோல் இருப்பதால் நடத்தையும் ஒன்றுதான் என்று நினைக்கத் தோன்றும்; இந்த வசதியில் எனக்கிருக்கும் ஒரே பயம் அதுதான். சந்தேகம் இருக்கும் இடத்தில் அணுக் கூட்டலையே போடுங்கள். மாறி இருக்கும் கேஷ் லைன் (கேஷ் நினைவகம் ஒரே தடவையில் எடுக்கும் துண்டு) மற்ற சிபியுக்களுக்குப் பறந்து திரும்பாததால் அதன் செலவு, பகிர்ந்த எண்ணியில் ஆகும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. உங்கள் நிரல் எக்ஸ்டிபியில் (பாக்கெட் உள்ளே வரும் தொடக்க இடத்திலேயே ஓடும் பிபிஎஃப் கொக்கி) மட்டும் எண்ணுகிறது என்றால் கவலை வேண்டாம். ஒரே சிபியுவில் பாக்கெட் வாங்கும் அந்தப் பாதை தன்மேல் தானே ஏறி ஓடுவதில்லை.

எண்ணியைவிட எனக்கு ஆசை காட்டும் பயன் வேறு. பிபிஎஃப் ஸ்டாக் வெறும் 512 பைட். ஒரு கோப்புப் பாதையை வைக்கக்கூட இடம் போதாது. அதனால் எல்லோரும் ஒற்றை உறுப்பு சிபியு மேப்பைத் தற்காலிகக் கிறுக்குத் தாளாகப் பயன்படுத்துகிறார்கள். சிபியு குளோபல் மாறி வந்தால் அது ஒரு வரி அறிவிப்பாகிவிடும். ஆனால் எண்ணியில் ஒன்று குறைந்தால் கணக்குப் பிசகு. கிறுக்குத் தாளில் பாதி எழுதும்போது இன்னொருவன் வந்து கிறுக்கினால் கிடைப்பது குப்பை. கெர்னல் தன் தடமறிதல் உதவிச் செயற்கூறுகளில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: சாதாரண ஓட்டம், இன்டரப்ட், என்எம்ஐ (தடுக்க முடியாத இன்டரப்ட்) என்று மூன்று அடுக்குக்கு மூன்று தாள், உள்ளே நுழையும்போது அடுக்கு எண்ணை ஒன்று கூட்டி, வெளியேறும்போது குறைப்பது. நீங்களும் அதையே செய்யலாம். அடுக்கு எண்ணும் ஒரு சிபியு மாறியாகவே இருக்கட்டும்.

படிக்கும் பக்கத்தில் ஒரு பழக்கத்தை விடச் சொல்வேன். ஒவ்வொரு நிமிடமும் எல்லா நகல்களையும் படித்துக் கூட்டி, பிறகு பூஜ்ஜியம் எழுதி அழிப்பவர்கள் உண்டு. படித்ததற்கும் அழித்ததற்கும் இடையே வந்தவை காற்றோடு போகும். அதோடு, மேப்பில் எழுதும்போது முழு உறுப்பையும் எழுதுகிறீர்கள். அதே பிரிவிலுள்ள மற்ற மாறிகளும் அத்தனை சிபியுவிலும் பழைய மதிப்புக்குத் திரும்பிவிடும். அழிக்காதீர்கள். போன முறை படித்ததை வைத்துக்கொண்டு வித்தியாசத்தை எடுங்கள்.

கடைசியாக, உங்களிடம் இருப்பது பழைய கெர்னல் என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நீங்கள் இப்போது செய்வதுபோல் ஒற்றை உறுப்பு சிபியு மேப். தேடலையும் வெற்றுச் சோதனையையும் ஒரு சிறிய உள்வரிச் செயற்கூற்றில் ஒளித்துவிட்டால் அசிங்கம் ஓரிடத்தோடு நிற்கும். மற்றொன்று, சாதாரண குளோபல் அரே. ஒவ்வொரு உறுப்பையும் 64 பைட் கேஷ் லைனுக்கு ஒழுங்குபடுத்தி, சிபியு எண்ணால் குறியிடுவது. அரேயின் நீளத்தை 2இன் அடுக்காக வைத்து, சிபியு எண்ணை நீளத்தில் ஒன்று குறைத்த எண்ணோடு பிட் வாரியாக மறைத்தால்தான் (AND) வெரிஃபையர் எல்லையை நம்பும். நீளம் இருக்கக்கூடிய சிபியு எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால் இரண்டு சிபியு சத்தமில்லாமல் ஒரே உறுப்பில் போய் உட்காரும். இந்த இரண்டாவது வழியில் எம்மேப் கிடைக்கிறது என்பதால், அடிக்கடி படிக்க வேண்டிய கருவிகளுக்கு நான் இன்னமும் இதைத்தான் எடுக்கிறேன்.